வெளிவீதிக்கும் அப்பால் ஒரு சொந்தம்

2012 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குடிசன மதிப்பீட்டு அலுவலர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். 1981 இற்குப் பின்னர் வடக்கில் முழுமையாக நடைபெற்ற முதலாவது கணக்கெடுப்பு அது. முப்பத்தொரு வருடங்கள் எங்களை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. வந்தவர் என் மகன் வயதினர். பெயர், வயது, தொழில், கல்வி என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு வந்தவர், "சமயம்?" என்றார்.

"எனக்குச் சமயம் இல்லைத் தம்பி" என்றேன்.

பேனை நின்றது. சில கணங்கள் என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் மிகுந்த பணிவோடு, "அப்ப ஐயா, சைவம் எண்டே போடட்டோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ஓம் தம்பி, சைவம் எண்டே போடுங்கோ."

அவர் எழுதிக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. நாற்பது வயது கடந்த, எழுத்தையே தொழிலாகக் கொண்ட, கடவுள் நம்பிக்கை இல்லை என்று நண்பர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவந்த ஒருவன் ஏன் தடுக்கவில்லை? இக்கேள்வி பல காலம் என்னைத் தொந்தரவு செய்தது. அதற்கு விடை தேடப் புகுந்தபோது, யாழ்ப்பாணத்தில் எனக்கு முன்னர் கோயிலை விட்டு வெளியே வந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள், யாரோடு சேர்ந்தார்கள் என்ற வரலாற்றினுள் இறங்க நேர்ந்தது.

யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் கோயில் வெறும் வழிபாட்டிடம் மட்டுமல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருவன் எந்தத் திருவிழாவின் உபயகாரன், தேர் வடத்தில் எந்த இடத்தில் கை வைக்கலாம், உள்வீதி வரையா வெளிவீதி வரையா, அல்லது அதற்கும் வெளியிலா என்பதிலேயே அவனது குடும்பத்தின் முகவரி எழுதப்பட்டிருந்தது. கிறிஸ்தவர்களுக்கும் கோயிற்பற்று அத்தகையதே. ஆகவே கடவுளை நம்பாமல் விடுவது இங்கே எளிது; மனதுக்குள் நடக்கும் காரியத்தை யார் கண்டார்? கடினமானது, அந்த முகவரியை விட்டு வெளியேறுவதுதான்.

அப்படியான வெளியேற்றத்துக்கு ஒரு முன்வாசலைத் திறந்தவர்கள் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ்காரர் எனலாம். 1924 டிசம்பரில் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் அது தொடங்கியது. அதன் உயிர்நாடியாக விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம் மானிப்பாயில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் பயின்றவர். அதே மனிதர் பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார் என்பதை இன்று நினைத்துப் பார்க்கையில் வியப்பாக இருக்கிறது. கிறிஸ்தவப் பெயர் தாங்கிய ஒருவரிடம் சைவப் பெற்றோர் தம் பிள்ளைகளை ஒப்படைத்த காலம் ஒன்று இந்த மண்ணில் இருந்திருக்கிறது.

வாலிப காங்கிரஸ் நாத்திக அமைப்பன்று. அப்படி எழுதினால் பிழை. அதில் பக்தர்கள் இருந்தார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது வரவேற்பு ஏற்பாடுகளை முன்னின்று செய்தவர்களும் அவர்களே. ஆயினும் சைவரும் கிறிஸ்தவரும் தத்தம் கோயில்களுக்கு வெளியே, மூன்றாவதொரு இடத்தில் ஒரே அணியாக அமர முடியும் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள். தீண்டாமை ஒழிப்பை ஆரம்பத்திலேயே தீர்மானமாக எடுத்துக்கொண்டார்கள். பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கை எழுந்த காலம் அது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலில் இருக்க வேண்டும் என்றதற்காகப் பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாகின. வேறு மதத்தவனுக்குப் பக்கத்தில் அமர்வதைப் பொறுத்துக்கொண்ட ஊர், வேறு சாதியானுக்குப் பக்கத்தில் தன் பிள்ளை அமர்வதைப் பொறுக்கவில்லை. மதத்தை விடுவதைவிடக் கடினமான வேறொன்று உண்டு என்பதற்கு இது முதற் சாட்சியம்.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடந்த முதலாவது அரசாங்க சபைத் தேர்தலை வாலிப காங்கிரஸ் பகிஷ்கரிக்கக் கோரியது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுவே தாக்கல் செய்யப்படவில்லை. அந்த உச்சத்துக்குப் பின்னர் இயக்கம் மெல்லத் தளர்ந்தது. மூன்றாவது இடம் என்று சொன்னேனே, அதன் கூரை முப்பதுகளின் இறுதிக்குள் சரிந்துவிட்டது.

இதே காலத்தில், 1928 இல், கேரளத்துத் திருவல்லாவிலிருந்து ஓர் ஆசிரியர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஆபிரகாம் கோவூர் என்பது அவர் பெயர். தந்தையார் மார்த்தோமா சிரியன் திருச்சபையில் உயர்பதவி வகித்த குரு. மகனோ தாவரவியல் படித்தவர். கோவூரிடம் ஒரு வருடம் பைபிள் பாடம் ஒப்படைக்கப்பட்டதாகவும், மாணவர்கள் பரீட்சையில் மிகத் திறமையாகச் சித்தியடைந்தும், அடுத்த வருடம் அப்பாடம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை என்றும், பாடத்தில் சித்தியடைந்த பிள்ளைகள் விசுவாசத்தை இழந்து நின்றதே காரணம் என்றும் ஒரு கதை உண்டு. அவரே அதை ரசித்துச் சொல்வாராம்.

பின்னர் தென்னிலங்கைப் பாடசாலைகளில் கற்பித்து, கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1960 முதல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1963 இல், ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் அற்புதம் ஒன்றை நிகழ்த்திக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக அறிவித்தார். அன்றைய ஒரு லட்சம்! ஒருவரும் அதை வென்றெடுக்கவில்லை. பேய் பிடித்தவர்கள், வீட்டுக் கூரையில் கல் விழுகிறது என்று அஞ்சியவர்கள், செய்வினைக்குப் பயந்தவர்கள் எனப் பலர் அவரைத் தேடிச் சென்றார்கள். அவர்களைக் கேலி செய்யாமல், பொறுமையாகக் கேட்டுக் காரணத்தைக் கண்டறிந்தார் என்பதே அவரது பெருமை என்று நான் கருதுகிறேன்.

1974 இல் மனைவி காலமானபோது உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுத்தார். 1978 செப்டெம்பரில் தாமும் மறைந்தபோது அவ்வாறே செய்யப்பட்டது. எலும்புக்கூடு தேர்ஸ்டன் கல்லூரி விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். இது ஒரு விசித்திர மனிதரின் விளையாட்டு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயில் இல்லாத, சேமக்காலை இல்லாத மனிதர் ஒருவர், தாம் இறந்த பின் எங்கே கிடக்க வேண்டும் என்று யோசித்து, தம் வகுப்பறையைத் தேர்ந்தெடுத்தார். அதுவே அவரது சொந்த இடம்.

ஆனால் எல்லோரும் கோவூர் ஆக முடியாது. இவ்விடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் வலிகாமத்தில் ஒரு கிராமத்து ஆசிரியர். எங்கள் குடும்பம் கோயிலுக்குள் எவ்விதத் தடையுமின்றிச் செல்லக்கூடிய குடும்பம். ஒரு நாள் திருவிழா உபயமும் எங்களுக்கு இருந்தது. ஐம்பதுகளில் அவர் இடதுசாரிகளின் பக்கம் போனார். வடக்கில் அக்காலத்துக் கம்யூனிஸ்டுகள் பலர் ஆசிரியர்களாகவே இருந்தார்கள். மலாயாவில் பிறந்து வந்து யாழ். இந்துக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த மு. கார்த்திகேசன் அவர்களிற் பெரும் புகழ் பெற்றவர். 1956 இல் பருத்தித்துறைத் தொகுதி பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. வடக்கிலிருந்து தெரிவான முதல் கம்யூனிஸ்ட் உறுப்பினர் அவர். பெரியப்பாவுக்குக் கட்சி ஒரு கொள்கை மட்டுமல்ல, வீடாகவும் இருந்தது. மாலையில் வாசிகசாலை, பிறகு தேநீர்க் கடை வாங்கில், இரவு பாடசாலைக் கட்டடத்தில் வகுப்பு. கோயிற் பூசை நேரத்தை வைத்து நாளைக் கணித்த ஊரில், வீரகேசரியும் தினகரனும் வந்து சேரும் பஸ்ஸை வைத்து நாளைக் கணித்தவர்கள் அவர்கள்.

வாசிகசாலையைப் பற்றி அழகாக மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. ஊர் தோறும் ஒரு வாசிகசாலை இருந்தது உண்மை. ஆனால் ஒரே ஊரில் இரண்டு வாசிகசாலைகள் இருந்ததும் உண்மை. எந்தக் குறிச்சிக்கு எது என்பது எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாமி படம் இல்லாத கட்டடத்திலும் சாதி வந்து குந்தியிருந்து பத்திரிகை படித்தது.

இதனை உடைக்கவே அறுபதுகளின் போராட்டங்கள் எழுந்தன. 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டில் இருந்தது. தேநீர்க் கடைக் குவளையில் இருக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று நா. சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கட்சியினர் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டனர். பொலிஸார் தாக்கினர், ஊர்வலம் நிற்கவில்லை. அதன் தொடர்ச்சியாகத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. தேநீர்க் கடைப் பிரவேசம் ஆலயப் பிரவேசமாக வளர்ந்தது.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தது பலர் அறிந்ததே. உள்ளே செல்ல வந்தவர்கள் வாசலில் அமர்ந்தார்கள். வழிமறித்து நின்றவர்களுக்கு முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். அவர் மீதான வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. வாசலில் அமர்ந்தவர்களோடு என் பெரியப்பாவும் இருந்தார். விபூதி பூசாத, கடவுளை நம்பாத, தனக்கு ஒருபோதும் மறுக்கப்படாத வாசலில், வெயிலில் இருந்தார்.

எனக்குப் பதினைந்து வயதளவில் அவரிடம் கேட்டேன்: "பெரியப்பு, கோயிலே வேண்டாம் எண்டு சொல்லுறியள். பிறகேன் கோயில் வாசலிலை போய் இருந்தனீங்கள்?"

அவர் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது. "எனக்குக் கோயில் வேண்டாமடா. உள்ளுக்குப் போய்ப் பாத்திட்டுத்தான் வேண்டாம் எண்டு சொன்னனான். உள்ளுக்கே விடாதவன் எப்பிடி அதை வேண்டாம் எண்டு சொல்லுறது? அவனுக்கு அந்த உரிமையும் இல்லையெல்லோ?"

அந்த வெயிலுக்குப் பின்னர் எங்கள் உறவினர் அவரோடு கொண்டாட்டத்தை நிறுத்தினார்கள். கலியாணச் சொல்லல் வராது. செத்த வீட்டுக்கு மட்டும் ஆள் வரும். உபயம் சின்னத்தாத்தா குடும்பத்துக்குக் கைமாறியது. மறுபுறத்தில், கட்சியும் முழுமையான வீடாக நிலைக்கவில்லை. 1964 அளவில் மொஸ்கோ, பீக்கிங் என்று கட்சி பிளந்தபோது அவரது உயிர்ச் சிநேகிதர் ஒருவர் மறுபக்கம் போனார். இருவரும் ஒரே ஊர்ச் சந்தையில் எதிரெதிரே வந்தாலும் பேசுவதில்லை. கொள்கையும் தள்ளிவைக்கும், தள்ளிவைப்பதற்கு ஐயர் தேவையில்லை என்பதை நான் அவர்களைப் பார்த்தே அறிந்தேன்.

அவருக்கு எஞ்சியிருந்த ஒரே பொதுவீடு யாழ்ப்பாணம் பொது நூலகம். 1933 இல் க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தம் வீட்டிலிருந்த புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியில் முளைத்தது அது. முன்னால் சரஸ்வதி சிலை. உள்ளே எல்லா மதத்தாரும் எம்மதமும் இல்லாதாரும் ஒரே மேசையில். 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாகின. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் அந்நாட்களிலேயே எரிந்தது. நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவரான வணக்கத்துக்குரிய தாவீது அடிகள் உயிர் துறந்தார். கத்தோலிக்கக் குருவானவர் அவர். என் பெரியப்பா மூன்று நாட்கள் உண்ணவில்லை. நாத்திகர் அவர். இருவரும் ஒரே வீட்டை இழந்தார்கள்.

எண்பதுகளுக்குப் பின்னர் வந்த இயக்கங்களும் சாதி சமயம் கடந்த ஒரு சொந்தத்தை இளைஞர்களுக்கு வழங்கின என்பதை மறைக்க முடியாது. இறந்தோரைத் தகனம் செய்யும் சைவச் சமூகத்தில், சமய வேறுபாடின்றி எல்லோரையும் ஒரே வரிசையில் விதைத்த துயிலுமில்லங்கள் தோன்றின. புதிய பெயர், புதிய சடங்கு, புதிய குடும்பம். ஆயினும் அந்த வீட்டுக்குள் மாற்றுக் கருத்துக்கு அறை இருக்கவில்லை. அதனால் உயிரிழந்தவர்களும் நம்மவர்களே. பெரியப்பா இதுபற்றி அதிகம் பேசியதில்லை. "வெளியிலை போக வாசல் இல்லாதது வீடில்லை" என்று ஒரு முறை மட்டும் சொன்னார்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மழையில், நாவற்குழிப் பாலத்தினூடாக லட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சிக்கு நடந்தார்கள். நான் அப்போது இளம் செய்தியாளன். பெரியப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். ஒரு பாடசாலையின் வகுப்பறையில், ஐந்து குடும்பங்களுக்கு நடுவே, மூன்றாவது கிழமை அவர் இறந்தார். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்திருந்தார்கள்.

சேட்டுப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. உடலை யாழ். மருத்துவபீடத்துக்குக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் எந்தச் சடங்கும் இன்றி எரிக்க வேண்டும். எவரையும் பறை அடிக்க அழைக்கக் கூடாது. கோவூரின் வழி. ஆனால் பல்கலைக்கழகம் இருந்த திருநெல்வேலி வெறிச்சோடிக் கிடந்தது. சடலத்தை ஏற்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

சடங்கு வேண்டாம் என்று எழுதிவிடலாம். ஆனால் விறகு வேண்டும். தூக்குவதற்கு நான்கு தோள் வேண்டும். சமயத்தோடு இருப்பவனுக்கு இவை கேளாமலே வரும். ஊர் ஒழுங்கு அது. எங்கள் உறவினரோ பல முகாம்களில் சிதறிக் கிடந்தார்கள். அன்று மத்தியானம் இரண்டு இளைஞர்கள் நனைந்தபடி வந்தார்கள். ஒருவரின் தகப்பனார் மாவிட்டபுரத்தில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவராம். "ஐயா செத்திட்டார் எண்டு கேள்விப்பட்டம்" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. விறகு அவர்கள் கொண்டுவந்தார்கள். அவர்கள் இருவர், நான், அடுத்த வகுப்பறையில் இருந்த கத்தோலிக்கர் ஒருவர்: நான்கு தோள்கள் அவ்வளவுதான். வடமராட்சியிலிருந்து சைக்கிளில் ஒரு முதியவரும் வந்திருந்தார். முப்பது வருடம் பேசாதிருந்த அதே சிநேகிதர். தூக்க வலுவில்லாதபடியால் சைக்கிளைப் பிடித்தபடி பின்னால் நடந்தார்.

புறப்படுமுன் பெரியம்மா எழுந்து வந்தார். கையில் விபூதிப் பை. நான் தடுமாறுவதைக் கண்டு, "அவர் எழுதினதெல்லாம் அப்பிடியே செய்யுங்கோ மேனை. இது அவருக்கில்லை, எனக்கு" என்று சொல்லி நெற்றியில் பூசினார். மொஸ்கோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவரும் மறுக்கவில்லை.

குடிசன மதிப்பீட்டு நாளில் அடுக்களையிலிருந்து வந்த குரலை நான் ஏன் மறுக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் என்னிடம் இல்லை. அது எனக்கான விபூதி அன்று, என் மனைவியினுடையது. என் கணக்கு அந்தப் படிவத்தில் இல்லை. 1968 இன் வெயிலில் இருந்தவர் ஒருவருக்கு 1995 இன் மழையில் விறகு வந்தது. என் கணக்கு அங்கேயே தொடங்குகிறது. மதத்தை விட்டு வெளியே வந்தவன் யாரோடு சேர்ந்தவன் என்பதை அவன் எதை மறுத்தான் என்பதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. யாருடைய வாசலில், யாருக்காக அமர்ந்தான் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

அந்த இளைஞர்களில் ஒருவர் இன்று வெளிநாடொன்றில் இருக்கிறார். தைப்பொங்கலுக்கு என்னைத் தொலைபேசியில் அழைப்பார். தம் வீட்டில் பொங்கியதா என்று நான் கேட்பேன். என் வீட்டில் பொங்கியதா என்று அவர் கேட்பார். சூரியனை இருவருமே கும்பிடுவதில்லை. ஆனால் பானை இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு வருடமும் பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.